வெள்ளை மாத்திரைக்கு யார் சாட்சி

"நடுவுல எப்பவாவது மாத்திரையை விட்டீங்களா?"

டாக்டரம்மா கேட்டது கணவனைத்தான். ஆனால் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தவள் மனைவி.

"ஒரு நாள்கூட விடல டாக்டர்," என்றான் அவன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டான். உண்மை பேசுகிறவனுக்கு இத்தனை அவசரம் எதற்கு என்று அவளுக்கு அங்கேயே மூக்கில் வியர்த்துவிட்டது.

டாக்டரம்மா கையில் லேப் ரிசல்ட் இருந்தது. சளியில் காசநோய்க் கிருமி மறுபடியும் தலைகாட்டியிருந்தது. வந்ததோடு நிற்காமல், முதல் சுற்றில் கொடுத்த மருந்துகளில் ஒன்றைக் கண்டால் இப்போது அசைந்துகூடக் கொடுக்க மாட்டேன் என்கிறதாம்.

"சிவப்பு கேப்ஸ்யூலுக்கு இன்னும் கேக்குது. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைக்குத்தான் சுத்தமா மசியல," என்றார். "பழைய மருந்தை வெச்சுக்கிட்டு இனிமே காலம் தள்ள முடியாது. புது மருந்து ஆரம்பிக்கணும். நீளமான வைத்தியம். ஆனா தள்ளிப்போடக் கூடாது. ஏற்கெனவே ஒரு பக்க நுரையீரல் பாதி போயிருக்கு. இன்னும் போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

அவன் தலையாட்டினான். அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கடைப் பையன்கள் அவனை 'கம்ப்ரசர்' என்று கூப்பிடுவார்கள். ஓடாத மெஷினையும் தட்டிக்கொட்டி ஓடவைத்துவிடுவான் என்பதற்காக வைத்த பெயர். இப்போது அவன் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டால் வேறு காரணத்துக்காக வைத்தது போலத் தோன்றும்.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. சட்டைத் தொழிற்சாலையில் அவள் செக்கர். தைத்து முடிந்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, காலர், கை, பட்டன் காஜா என்று விரலை ஓட்டி, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவளுக்கு 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் போலீஸ்காரர்களும் தானும்தான் என்று சொல்லிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் முதல் சுற்று வைத்தியத்தில் சாட்சி வேலையைக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம் அது. நோயாளி மாத்திரை விழுங்குவதை வீட்டில் ஒருவர் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். அவள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தோளில் பையோடு நின்று, அவன் விழுங்கி முடிக்கும்வரை நகர மாட்டாள். அது போதாதென்று இன்னொரு சோதனையும் வைத்திருந்தாள். சிவப்பு கேப்ஸ்யூல் உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ஆகவே தான் வந்து பார்க்கும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது என்று உத்தரவு. "கல்யாணத்தப்பகூட நீ இவ்வளவு ஆசையா என்னைப் பார்க்கல," என்று அவன் குளியலறைக்குள்ளிருந்து கத்துவான்.

இத்தனை பார்த்தும் நோய் திரும்பி வந்துவிட்டது. அவள் பாஸ் போட்டு அனுப்பிய சட்டை, கடையிலிருந்து திரும்பி வந்து மேஜையில் விழுந்தது போல அவளுக்கு முகம் சிவந்தது.

வெளியே மருந்துக் கவுன்ட்டரில் இருந்த நர்ஸ், அவளுக்கு அக்கா வயதுக்காரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதம்மா. வெள்ளைக்கு மட்டும் கேக்கலைன்னா, வெள்ளைய மட்டும் ஒதுக்கியிருப்பாங்க. சிவப்பைப் போட்டாத்தான் கலர் தெரியும், வீட்ல கேள்வி வராது. வெள்ளைய யாரு பார்க்கப் போறா? எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன்."

அது அவள் மனத்தில் ஆணி அடித்தது போல உட்கார்ந்துகொண்டது. ஆரஞ்சு நிறத்தைக் காட்டி அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டானா?

தூவக்கூடியவன்தான். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜின் மோட்டாருக்குப் பின்னால் பாக்கெட்டை ஒளித்து வைத்தவன். அப்போதும் முகத்தை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டிருந்தான். அதைவிடப் பெரிய விஷயம் அவனுடைய அப்பா. அவரும் இதே நோயில்தான் போனார். "போட்டுட்டேன் போட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டே மாத்திரையெல்லாம் எங்கேயோ கொட்டிட்டு, பொய் சொல்லியே செத்துப்போனார் அந்த மனுஷன்," என்று மாமியார் உயிரோடு இருந்தவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்துவார். அப்பன் புத்தி பிள்ளைக்கு வராமல் எங்கே போகும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி இருமிக்கொண்டிருந்தவனை, காலர் வளைந்த சட்டையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இங்கே அவளைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

அவனுக்கு முதலில் நோய் கண்டபோது, ஒரே வீட்டில் இருப்பவள் என்று அவளுக்கும் ஒரு டப்பா வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். வராமல் தடுப்பதற்காம். கொஞ்ச நாள் விழுங்கினாள். செக்கிங் மேஜையில் நிற்கும்போது குமட்டியது, தலை சுற்றியது, ஒரு நாள் காஜா போடாத சட்டை அவள் கையிலிருந்து நழுவி பாஸ் ஆகிப் போய்விட்டது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டினார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவளுடைய மாத்திரை சமையலறை ஜன்னல் வழியாக வெளியே போனது. "போட்டுட்டியாம்மா?" என்று நர்ஸ் கேட்கும்போதெல்லாம் "ஆச்சு அக்கா" என்பாள். நோய் உள்ளவனுக்குத்தானே மருந்து, எனக்கு எதற்கு என்பது அவள் கட்சி. இதைப் பொய் என்றே அவள் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு மறந்தும் போனாள். அடுத்தவர் தையலிலேயே கண்ணாக இருப்பவர்களுக்குத் தங்கள் புடவைக் கிழிசல் தெரிவதில்லை, என்ன செய்வது.

விடுமுறை நாளன்று அவன் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனான். அவள் கதவைச் சாத்திவிட்டுத் தேட ஆரம்பித்தாள்.

வீட்டில் இருப்பது இரண்டு அறையும் இரண்டு பேரும்தான். ஒளித்து வைக்க எத்தனை இடம் இருந்துவிடும்? கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மெத்தை ஓரத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கினாள். அவன் பழைய சட்டைப் பைகளில் கை விட்டாள். தேய்ந்துபோன பஸ் டிக்கெட்டும் ஒரு ரப்பர் வளையமும்தான் கிடைத்தன. செருப்புக்குள்கூடப் பார்த்தாள். தன்னையே பார்த்துச் சிரிப்பு வந்தது. விட்டுவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

அப்புறம் டூல் பாக்ஸ் ஞாபகம் வந்தது. நோய் வந்த பிறகு அவன் அதைத் தொடுவதே குறைந்திருந்தது. மேல்தட்டில் ஸ்பானர்கள். கீழே செப்புக் குழாய்த் துண்டுகள். அதற்கும் அடியில், துணியில் சுற்றி, ஆணி போட்டு வைக்கும் ஒரு தகர டப்பா. திறந்தாள். உள்ளே ஆணி இல்லை. சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள், லேசாகப் புழுதி பட்டு, ஒரு கைப்பிடி அளவுக்கு இருந்தன.

முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைப்பதில் அர்த்தமில்லை, சொல்லிவிட வேண்டியதுதான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். பயம் வந்தது அதற்குப் பிறகுதான். இவன் சாகத் துணிந்தா இதைச் செய்தான்? என்னை விட்டுவிட்டுப் போகவா?

அவன் திரும்பி வந்தான். அவள் டப்பாவைக் காட்டவில்லை. சாப்பாட்டைப் போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த வெள்ளை மாத்திரை எப்படி இருக்கும்? கசக்குமா?"

"அதுக்கு என்ன ருசி? சுண்ணாம்பைத் தின்ன மாதிரி. சிவப்புதான் தொண்டையில நிக்கும்." அவன் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தான். "ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

எவ்வளவு சரளமாகச் சொல்கிறான் பார் என்று நினைத்தாள். விழுங்கியவனுக்கு ருசி தெரிந்திருக்கும், சரி. விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்தவனுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். சந்தேகம் என்பது அப்படித்தான். எதைப் போட்டாலும் தின்று கொழுக்கும்.

மறுநாள் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, டப்பாவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் முன்னால் மேஜையில் வைத்துத் திறந்து காட்டினாள். நர்ஸ் உச்சுக் கொட்டினாள்.

"நான் சொன்னேன்ல? பாவி மனுஷன். இரு, டாக்டர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

திரும்பி வந்தவள் முகம் வேறு மாதிரி இருந்தது. "புது மருந்து இப்போதைக்கு ஆரம்பிக்க வேண்டாம்னுட்டாங்கம்மா."

"என்னக்கா சொல்றீங்க?"

"அந்த மருந்து அளந்து அளந்துதான் நமக்கு வருது. பாதியில விடற ஆளுக்குக் கொடுத்தா, கிருமி அதுக்கும் பழகிடும். அப்புறம் உலகத்துல அவருக்கு மருந்தே இல்ல. ஒழுங்கா போடுறவங்க வரிசையில நிக்கறாங்க. அவங்களுக்குத்தான் முதல்ல. நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. விசாரிச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாம்."

அவள் நினைத்து வந்தது வேறு. டாக்டரம்மா அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பார், அவன் தலையைத் தொங்கப்போடுவான், இனிமேல் ஒழுங்காக விழுங்குவான் என்றுதான். குறை உள்ள சட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் அது திருத்தித் தைக்கப்பட்டுத் திரும்பி வரும். அவள் வேலையில் அப்படித்தான். இங்கே ஸ்டிக்கர் ஒட்டியதும் சட்டையையே ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

"அக்கா, நான் அந்த அர்த்தத்துல கொண்டு வரல..."

"நீ சரியாத்தான் செஞ்சேம்மா," என்றாள் நர்ஸ். அது ஆறுதலாக இல்லை.

மறுநாள் டாக்டரம்மாவின் அறையில் மேஜை நடுவில் அந்த டப்பா திறந்திருந்தது. அவன் உள்ளே வந்ததும் அதைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. அவன் எதையோ யோசித்து, ஒரு முடிவுக்கு வருவது போலத்தான் இருந்தது.

"இது உங்க டப்பாவா?"

"ஆமா டாக்டர். என்னுதுதான்."

"மாத்திரை?"

"என் பெட்டியில இருந்துச்சுன்னா என்னுதாத்தானே இருக்கணும்."

"போடாம எடுத்து வெச்சீங்களா?"

அவன் மென்று முழுங்கினான். "எனக்குக் கொடுத்ததை நான் ஒழுங்காப் போட்டேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

டாக்டரம்மாவுக்கு எரிச்சல் வந்தது தெரிந்தது. ஆனால் அவரும் லேசில் எதையும் நம்புகிறவர் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வது போலவும் மறுப்பது போலவும் ஒரே மூச்சில் பேசுகிற ஆளை அவர் அவ்வளவு சுலபமாக விட்டுவிடவில்லை. "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது டி.பி. வந்திருக்கா?" என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்கு. அவருக்கும் மருந்து கேக்கல. அவர் போடலைன்னு சொன்னாங்க."

டாக்டரம்மா பேனாவை மூடினார். நாளைக் காலை வெறும் வயிற்றில் வரச் சொன்னார். தன் கண் முன்னால் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்து, இடைவெளி விட்டு விட்டு ரத்தம் எடுக்கப் போவதாகவும், அதில் கொஞ்சத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் புது மருந்து கிடையாது," என்றார்.

ரிசல்ட் வருவதாகக் காணோம். அதற்குள் அவன் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. மாடிப்படி ஏறி வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். முன்னறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக்கொண்டு, தன் மூச்சுக்காற்று அவள் பக்கம் போகாத திசையில் தலை வைத்துப் படுத்தான். அவள் வேலைக்குப் போய் மேஜையில் நிற்பாள். விரல் சட்டையில் ஓடும், மனம் வீட்டில் இருக்கும். தானே அவன் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டோம் என்ற பயம் ஒரு பக்கம். அவன் செய்ததற்குத்தானே அனுபவிக்கிறான் என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம். இரண்டும் மாறி மாறி அவளைப் பந்தாடின.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"பண்ணலன்னு சொன்னா நம்புவியா?"

"அப்ப அந்த மாத்திரை உங்க பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சாம்? கால் முளைச்சு நடந்து வந்துச்சா?"

"நீயே யோசிச்சுப் பாரு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

பதில் இல்லாதவன்தான் இப்படி நழுவுவான் என்று அவள் முடிவு கட்டினாள். யோசித்துப் பார்க்கத்தான் இல்லை.

ஒருவழியாக ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டரம்மா இருவரையும் உட்காரச் சொன்னார். நர்ஸும் கதவோரம் வந்து நின்றாள்.

"ஒரு மாத்திரையை எல்லார் உடம்பும் ஒரே மாதிரி நடத்தாது," என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. "சில பேர் உடம்புல இந்த வெள்ளை மருந்து ரொம்ப நேரம் தங்கும். சில பேர் உடம்பு அதை வந்த வேகத்துலயே உடைச்சு வெளிய தள்ளிடும். பிறவியிலேயே அப்படி. அப்பா அம்மாகிட்டயிருந்து ரத்தத்தோட வர்றது. கண்ணு கலர், முடி சுருட்டை மாதிரி. இவரு ரெண்டாவது ரகம். அதுலயும் நல்ல வேகம். என் முன்னாடி விழுங்கினாரு. கொஞ்ச நேரம் கழிச்சு ரத்தத்துல பார்த்தா, இருக்க வேண்டிய அளவுல பாதிகூட இல்ல."

"அப்படின்னா?" என்றாள் அவள்.

"அப்படின்னா, மாத்திரையை ஒழுங்காப் போட்டிருந்தாலும் கிருமியைக் கொல்ற அளவுக்கு உள்ள நின்னிருக்காது. அரைகுறை மருந்துல கிருமி செத்துப்போகாம பழகிக்கும். இது மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மருந்துக்கு அடங்காத கிருமி வேற வழியிலயும் வரும். ஆனா, வெள்ளைக்கு மட்டும் கேக்கலைங்கறதை வெச்சு இவரைத் திருடன் மாதிரிப் பார்த்தோம் பாருங்க, அது தப்பு."

ஒரு சாதாரணப் பெண்டாட்டியாக இருந்தால் அந்த இடத்தில் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அவள் பூதக்கண்ணாடி ஆயிற்றே. அவளால் விட முடியவில்லை.

"அதெல்லாம் சரி டாக்டர். அப்ப டப்பால இருந்த மாத்திரை யாருது?"

"விடேன்," என்றான் அவன் தாழ்ந்த குரலில். அவள் விடவில்லை. "இல்ல, எனக்குத் தெரியணும்."

டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்தார். ஒரு மாத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் சொல்லி, நோயாளிகளுக்குக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை ஒன்றையும் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தார்.

"இவருக்குக் கொடுத்ததுல நடுவுல ஒரு கோடு இருக்கும், உடைக்கறதுக்காக. இது மொழுமொழுன்னு இருக்கு. கோடு இல்ல." அவர் நர்ஸைப் பார்த்தார். "இது நாம தடுப்புக்குக் கொடுக்கறதுல்ல? வீட்ல கூட இருக்கறவங்களுக்கு?"

நர்ஸ் தலையை ஆட்டினாள். மூன்று பேரும் மனைவியின் பக்கம் பார்க்கவில்லை. அதுதான் மூன்று பேரும் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. சட்டையில் ஒரு நூல் விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவள் அவள். கைப்பிடி மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு, அதில் கோடு இல்லை என்பதைப் பார்க்காமல் விட்டிருந்தாள். பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. யார் குற்றம் என்பதுதான் தேடுவதற்கு முன்பே முடிவாகிவிட்டதே. அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவனோ அதை எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர், இது அப்பாகிட்டயிருந்து வரும்னு சொன்னீங்களே. அப்ப எங்கப்பா?"

"அவர் இல்லாம சொல்ல முடியாதுங்க. அம்மா வழியாகவும் வந்திருக்கலாம், ரெண்டு பேர் வழியாகவும் வந்திருக்கலாம். அவருக்கும் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அவர் கடைசிவரைக்கும் போட்டேன் போட்டேன்னுதான் சொன்னாரு." அவன் குரல் உடைந்தது. "அம்மா நம்பல. ஊர் நம்பல. நான்... நான் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'சும்மா பொய் சொல்லாதப்பா'ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவர் எங்கிட்ட பேசவே இல்ல டாக்டர்."

நாற்பதைத் தாண்டிய மனிதன், முகமூடிக்குள் மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவளுக்குத் தொடத் தைரியம் வரவில்லை.

அவன் அழுது முடித்ததும் டாக்டரம்மா பேசினார். புது மருந்தை அன்றைக்கே ஆரம்பிக்கலாம். அவளுக்கும் எக்ஸ்ரே, சளி எல்லாம் பார்க்க வேண்டும். அவள் மாத்திரையை விட்டதைப் பற்றி அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார், அதையும் திட்டாமல் சொன்னார்: "குமட்டுதுன்னு வந்து சொல்லியிருந்தா மாத்திக் கொடுத்திருப்போமே." பிறகு நர்ஸிடம் திரும்பி, "வீட்ல சாட்சி யாருன்னு கேட்டுக்கோங்க. இது கடுமையான மருந்து, தினமும் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்," என்றார்.

"நான்தான்," என்று அவள் சொல்லத் தொடங்கினாள்.

"வேற ஆளு சொல்லலாமா டாக்டர்?" என்றான் அவன். "கீழ்வீட்டு இஸ்திரிக்காரர் வருவாரு. நான் கேட்டுக்கறேன்."

நர்ஸ் அவளைப் பார்த்தாள். டாக்டரம்மா, "யாரா இருந்தாலும் சரி," என்றார்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அவள் அவனுக்கு ஒரு அடி பின்னால் வந்தாள். எப்போதும் அவள்தான் முன்னால் நடப்பாள்.

"எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"சமையக்கட்டு ஜன்னலுக்குக் கீழ தண்ணி ஒழுகுதுன்னு மேஸ்திரி மாதிரி ஏறிப் பார்த்தேன்ல, அப்ப. சன்ஷேட் மேல பூரா உன் மாத்திரை. பொறுக்கி எடுத்து வெச்சேன்."

"அன்னைக்கே என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா என்ன ஆகும்? நீ என்னை நாள் பூரா செக் பண்ணிட்டிருக்க. உன்னை நான் ஒரு தடவை மாட்டிவிட்டா நல்லாவா இருக்கும்? எனக்கு உடம்பு தேறினப்புறம், ஒரு நாள் டப்பாவைத் திறந்து காட்டி உன்னைச் சிரிக்க வைக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள இது திரும்பி வந்துடுச்சு."

"அப்ப ஆஸ்பத்திரியில ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"உன்னுதுன்னு சொன்னா உன்னைப் பிடிச்சு வெச்சு சோதனை, விசாரணைன்னு இழுத்தடிப்பாங்க. ஃபேக்டரிக்குத் தெரிஞ்சா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவான். நான் வேலை இல்லாம உக்கார்ந்திருக்கேன். உன்னுதும் போனா ரெண்டு பேரும் என்ன பண்றது?" அவன் மூச்சு வாங்க நின்றான். "ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம் நீ. டப்பாவை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, இது என்னடான்னு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா அங்கேயே சொல்லியிருப்பேன்."

அவள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். தப்பு என்று சொல்ல வேண்டும், மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"எம்மேல கோவமா? அதுக்குத்தான் நான் சாட்சி வேணாம்னீங்களா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்திருக்கலாம்; அவளுக்குப் பொய் தேவலையாக இருந்திருக்கும்.

"கோவமெல்லாம் இல்ல. நீ எதிர்ல நின்னு பார்க்கும்போது எங்கம்மா மூஞ்சிதான் தெரியுது. எங்கப்பாவை அவங்க அப்படித்தான் பார்த்துக்கிட்டு நின்னாங்க. எனக்கு முடியல. அவ்வளவுதான்."

பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள்.

சாயங்காலம் இஸ்திரிக்காரர் மாடியேறி வந்தார். கீழே தேய்த்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார் போல, நெற்றியெல்லாம் வியர்வை. நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். முன்னறையில் அவன் கட்டிலில் உட்கார்ந்து, புது மாத்திரைகளை மூடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டு, புது முகமூடி ஒன்றையும் கொடுத்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

இஸ்திரிக்காரர் அவள் பின்னாலேயே வந்துவிட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணி, எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. இவ்வளவு நாளா நீங்கதானே செஞ்சீங்க. நான் அங்க உக்கார்ந்து என்னத்தைப் பார்க்கணும்?"

சொல்லிக்கொடுக்க அவளைவிடத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. நாக்குக்கு அடியில் பார்க்கணும், கன்னத்துக்கு உள்ளே பார்க்கணும், தண்ணீர் குடித்த பிறகு பேச்சுக் கொடுத்துப் பார்க்கணும். எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் பார்க்க வேணாங்க," என்றாள். "கூட உக்காருங்க, போதும்."

அவர் போனார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவர்கள் இருவரும் ஏதோ பேசிச் சிரிப்பதும், நடுவில் அவன் ஒவ்வொரு மாத்திரைக்கும் தண்ணீர் குடிப்பதும் கேட்டது. அவள் முன்னறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் இடத்திலேயே நின்றாள்.